பாட்டிலை மறுக்கும் குழந்தைக்கு முதல் கப்: சிப்பரா, ஸ்ட்ராவா, டம்ளரா?

வேலைக்குத் திரும்ப வேண்டிய தேதி நெருங்குகிறது. குழந்தையோ பாட்டிலின் ரப்பர் உதட்டில் பட்டதும் நாக்கால் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ரப்பரை மாற்றிப் பார்த்தாயிற்று, பாட்டிலை மாற்றிப் பார்த்தாயிற்று. அம்மா தந்தாலும் மறுப்பு, அப்பா தந்தாலும் அழுகை. அடுத்து எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஒரு சிப்பர் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்." கடைக்குப் போனால் மூக்கு வைத்தது, ஸ்ட்ரா வைத்தது, சுற்றிலும் எங்கிருந்தும் குடிக்கலாம் என்று எழுதியது, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது என்று ஒரு அலமாரியே நிற்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டிலை மறுக்கும் குழந்தைக்குக் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுகிற மூக்கு வைத்த சிப்பர்தான் பெரும்பாலும் கடைசியாக முயல வேண்டிய பொருள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு முதலில் சின்ன டம்ளர், அதற்குத் துணையாக ஸ்ட்ரா கப் என்பதே நான் சொல்லும் வரிசை. ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் சிப்பர் பேச்சே வேண்டாம்; பெரியவர் கையால் சங்கோ சிறு கிண்ணமோதான்.

வயதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் இந்தச் சிக்கல் எழும் நேரமே சட்டத்தால் அமைந்தது. மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தம் தொடங்கி, முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். முழு விடுப்பையும் பிரசவத்துக்குப் பின் எடுத்தவரின் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு இருப்பதால் அந்த வீடுகளில் இந்தப் பதற்றம் குறைவு. நான்கு மாதக் குழந்தையும் ஆறு மாதக் குழந்தையும் ஒரே அலமாரிக்கு முன்னால் நிற்பதுபோல் தோன்றினாலும் இருவருக்கும் உரிய பாத்திரம் வேறு.

கப் வாங்குமுன் பாலைச் சுவைத்துப் பாருங்கள்

குழந்தை மறுப்பது பாட்டிலையா, பாலையா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எடுத்து வைத்த தாய்ப்பாலை ஒரு சொட்டு நீங்களே நாக்கில் விட்டுப் பாருங்கள். சிலரது பாலில் கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்ற நொதி மும்முரமாக வேலை செய்யும். ஃபிரிட்ஜில் வைத்த சில மணி நேரத்திலேயே அந்தப் பாலுக்குச் சோப்பு வாடையும் ஒருவிதக் காறலும் வந்துவிடும். பால் கெட்டுவிடவில்லை, கொடுத்தால் தீங்கும் இல்லை. ஆனால் மார்பில் இனிப்பாகக் குடித்துப் பழகிய குழந்தை அதைத் துப்பும். டம்ளரில் கொடுத்தாலும் துப்பும், தங்கக் கிண்ணத்தில் கொடுத்தாலும் துப்பும். பால் எடுத்த உடனேயே ஓரத்தில் சிறு குமிழிகள் வரும் வரை சூடாக்கி, கொதிக்கும் முன் இறக்கி, விரைவாகக் குளிரவைத்துப் பிறகு ஃபிரிட்ஜில் வைத்தால் இந்த வாடை வராது. சூட்டில் சில நல்ல கூறுகள் குறையும் என்பது உண்மை. அதனால் வாடை வரும் பாலுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

பாலில் குறையில்லை என்றால் அடுத்தது வாய். மார்பில் குடிக்கும் குழந்தை வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியையும் உள்ளே வாங்கிக்கொண்டு, தாடையையும் நாக்கையும் அலைபோல அசைத்துப் பால் எடுக்கிறது. முதலில் வேகவேகமாகச் சப்பும். பால் இறங்கியதும் வேகம் தணிந்து வாய் வாயாக விழுங்கும். அந்த வேகத்தைக் குழந்தையே கட்டுப்படுத்துகிறது. பாட்டிலின் ரப்பர் குறுகலானது, அண்ணத்தில் வேறு இடத்தில் படுகிறது, வாயை மூடினாலும் சொட்டுகிறது. அம்மாவின் வாசனையும் இல்லை. மறுக்கிற குழந்தை அடம்பிடிக்கவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையின் அரைகுறை நகலை ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் கப் தேர்வு எளிதாகிறது. நகலுக்கு நகலாக இன்னொரு பொருளைத் தேடாமல், மார்போடு ஒப்பிடவே இடமில்லாத ஒரு புதிய வேலையைக் கொடுத்தால் பல குழந்தைகள் ஆர்வத்தோடு வாங்கிக்கொள்கின்றன. என் மகள் ரப்பரைக் கண்டாலே உதட்டை இறுக்கியவள். நான் தண்ணீர் குடிக்கும் டம்ளரை எட்டிப் பிடிக்க மட்டும் கைநீட்டிக்கொண்டே இருந்தாள். ஆறு மாதம் தாண்டிய பல குழந்தைகள் இப்படித்தான்.

மூக்கு வைத்த சிப்பர்

இதில் இரண்டு வகை. மென்மையான சிலிக்கான் மூக்கு, கெட்டியான பிளாஸ்டிக் மூக்கு. மென்மையான மூக்கு கிட்டத்தட்ட பாட்டில் ரப்பரைத் தட்டையாக்கியதுதான். வாய்க்குள் அது கேட்பதும் ரப்பர் கேட்ட அதே சப்பலை. ரப்பரை மறுத்த குழந்தை இதையும் மறுப்பதில் வியப்பில்லை. சில குழந்தைகள் பல் முளைக்கும் தினவுக்கு நன்றாகக் கடித்துவிட்டுப் பால் குடிக்காமல் கொடுத்துவிடும்.

பெரிய சிக்கல் மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. சிந்தாத சிப்பர் என்று விற்பதன் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு சிலிக்கான் வால்வு இருக்கும். அதன் நடுவில் பிளேடால் கீறியதுபோல் ஒரு பிளவு. உறிஞ்சினால் அது திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். கப் தலைகீழாக விழுந்தாலும் சிந்தாததற்குக் காரணம் அதுதான். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தண்ணீர் ஊற்றி நீங்களே உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் ஒட்டும் அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். பாட்டிலையே சப்பிப் பழகாத குழந்தை இதில் எப்படிப் பால் எடுக்கும்? இரண்டு தடவை வாய் வைத்துப் பார்க்கும், எதுவும் வராது, தூக்கி எறியும். குழந்தைக்குக் கப்பே பிடிக்கவில்லை என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள்.

ஆகவே ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் செய்ய வேண்டியது வால்வைக் கழற்றி வைப்பது. அப்போது அது சாய்த்தால் தானாக வழியும் மூடி போட்ட கப் ஆகிவிடும். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையும் ஏறக்குறைய ஆறு மாதத்தில் திறந்த கப்பையோ வால்வு இல்லாத கப்பையோ தொடங்கச் சொல்கிறது. சப்புவதற்குப் பதிலாக உதட்டால் உறிஞ்சிக் குடிக்கக் குழந்தை பழகும், பல்லுக்கும் நல்லது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கெட்டி மூக்கு நாக்கின் மேல் உட்கார்ந்து நாக்கு நுனி மேலே எழுவதைத் தடுக்கிறது என்று பேச்சுப் பயிற்சியாளர்கள் பலர் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எப்போதாவது குடித்தால் பேச்சு கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. நாள் முழுவதும் அதுவே வாயில் இருப்பதுதான் கவலைக்குரியது.

இன்னொன்று, சிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க விடுவது. அமெரிக்காவில் 1991 முதல் 2010 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த ஒரு ஆய்வு, பாட்டில், சூப்பான், சிப்பர் ஆகியவற்றால் காயம்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய 45,000 பேர் என்று மதிப்பிட்டது. பெரும்பாலும் வாயில் வைத்தபடி நடந்து விழுந்ததால் வந்த காயம், அதிலும் ஒரு வயதுக் குழந்தைகளே அதிகம். எந்தக் கப் ஆனாலும் உட்கார்ந்து குடிக்கட்டும்.

சுற்றிலும் குடிக்கும் 360 கப்

மூக்கு இல்லை, விளிம்பில் எங்கே உதடு வைத்து அழுத்தி உறிஞ்சினாலும் வரும். ஒன்றேகால் வயதுக் குழந்தைக்கு நல்ல பொருள். ஆறேழு மாதக் குழந்தைக்கு எந்த இடத்தை அழுத்தினால் வருகிறது என்று விளங்காது. முதல் கப்பாக வேண்டாம்.

சின்ன டம்ளர்

என் தேர்வு இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இது புதுமை ஏதுமில்லை. மார்பில் குடிக்க இயலாத பச்சிளங்குழந்தைகளுக்குக்கூடப் பாட்டிலைவிடக் கிண்ணத்தால் கொடுப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கழுவ எளிது, வேகத்தைக் குழந்தையே தீர்மானிக்கலாம், ரப்பருக்குப் பழகி மார்பை மறுக்கும் பிரச்சினையும் வராது.

அளவு சின்னதாக இருக்க வேண்டும். காபி டம்ளர் பெரிது. குழந்தையின் மூக்கையும் சேர்த்து மறைத்துவிடும். சாமிக்குப் பால் வைக்கும் சிறு டம்ளர் அளவு சரி. விளிம்பு மடித்து மழுங்கலாக இருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். மருந்துக்கு வரும் சிறு அளவுக் கோப்பையிலும் தொடங்கலாம். பிரிட்டனில் ஒரு பக்கம் சரிந்த வடிவில் டாய்டி என்ற கப் உண்டு. உள்ளே இருக்கும் பால் குழந்தைக்குத் தெரியும், தலையை அதிகம் அண்ணாக்க வேண்டாம். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறையொன்றும் இல்லை.

கொடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. குழந்தையை நிமிர்த்தி உட்காரவையுங்கள். படுத்த நிலையில் ஒருபோதும் வேண்டாம். நன்றாகப் பசித்து அழத் தொடங்கும் முன்பே ஆரம்பியுங்கள். டம்ளரில் முக்கால் பங்கு பால் இருக்கட்டும். கொஞ்சமாக ஊற்றினால் சிந்தாது என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. அடியில் கிடக்கும் பால் விளிம்புக்கு வர டம்ளரை வெகுவாகச் சாய்க்க வேண்டும். அப்போது மொத்தமும் ஒரேயடியாகச் சரிந்து முகத்தில் கொட்டும். நிறைந்த டம்ளரை இலேசாகச் சாய்த்தாலே போதும். கீழுதட்டின் மேல் விளிம்பு இலேசாகப் படட்டும், அழுத்த வேண்டாம். பால் மேலுதட்டைத் தொடும் வரை சாய்த்து, அப்படியே நிறுத்துங்கள். ஊற்றாதீர்கள். சில நொடிகளில் நாக்கு வெளியே வந்து பாலைத் தொடும், உள்ளே போகும், மறுபடி வரும். ஓரிரு நாளில் நாக்கு உள்ளேயே இருக்க, உதடு விளிம்பைக் கவ்வத் தொடங்கும். விழுங்கி முடிக்கும் வரை டம்ளரை அதே சாய்வில் வைத்திருங்கள். தலையைத் திருப்பினால் எடுத்துவிடுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். குழந்தை கற்றுக்கொள்வதோ பார்த்து. வீட்டில் எல்லோரும் டம்ளரை உதட்டுக்கு மேலே உயர்த்தி ஊற்றிக்கொண்டால், உதட்டை என்ன செய்ய வேண்டும் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? இந்தச் சில வாரங்களுக்காவது குழந்தையின் முன்னால் டம்ளரில் வாய் வைத்துக் குடியுங்கள்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதலில் சாப்பாட்டு வேளையில் காய்ச்சி ஆறிய தண்ணீரில் பழக்கலாம். சிந்தினாலும் மனம் பதறாது. எடுத்து வைத்த தாய்ப்பால் கழுத்து வழியே வழிந்து துணியில் ஊறுவதைப் பார்க்கும் தாயின் வேதனை எனக்குத் தெரியும். ஒவ்வொரு மில்லியும் அலுவலகத்தின் ஏதோ ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தது. அதனால்தான் பழக்கம் தண்ணீரில், பால் பிறகு. ஆனால் தண்ணீரால் வயிற்றை நிரப்பிவிடக் கூடாது; ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை நாளுக்கு 120 முதல் 240 மில்லி வரை போதுமானது. ஆறு மாதத்துக்கு முன் தாய்ப்பாலோடு தண்ணீரே வேண்டாம், நம் ஊர் வெயில் காலத்திலும்கூட.

டம்ளரின் குறை வெளிப்படையானது. சிந்தும். பெரியவர் ஒருவர் முழுக் கவனத்தோடு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். பயணத்தில் உதவாது. இந்தக் குறைகளுக்கு மருந்துதான் ஸ்ட்ரா.

ஸ்ட்ரா கப்

ஸ்ட்ராவுக்கு உதட்டைக் குவித்து மூட வேண்டும். கன்னமும் நாக்கும் சேர்ந்து இழுக்க வேண்டும். ரப்பரைச் சப்புவதிலிருந்து இது முற்றிலும் வேறான வேலை. எட்டு, ஒன்பது மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் பிடித்துக்கொள்கின்றன. ஆறேழு மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு.

கற்றுக்கொடுப்பது ஒரு சிறு தந்திரம். சாதாரண ஸ்ட்ரா ஒன்றைப் பாலில் அமிழ்த்தி, மேல் நுனியை விரலால் அடைத்துத் தூக்குங்கள். உள்ளே ஒரு விரற்கடை உயரத்துக்குப் பால் தங்கியிருக்கும். கீழ் நுனியைக் குழந்தையின் உதட்டுக்கு இடையில் வைத்து, உதடு மூடியதும் விரலை எடுங்கள்; பால் வாய்க்குள் இறங்கும். இதிலிருந்து ஏதோ வருகிறது என்று குழந்தைக்கு விளங்கிவிடும். சில முறைக்குப் பிறகு விரலை எடுக்காமல் காத்திருங்கள். குழந்தை தானாக இழுக்கப் பார்க்கும், அந்த நொடியில் விரலை விடுங்கள். உழைத்தால் பலன் உண்டு என்று வாய்க்குத் தெரிந்துவிட்டது என்றால் பாதி வேலை முடிந்தது. நுனி மட்டும் உதட்டுக்குள் இருந்தால் போதும். நாக்கின் நடுவரை நுழைத்தால் குமட்டும்.

கப் வாங்கும்போது ஸ்ட்ராவின் அடியிலோ மூடியிலோ வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கழற்ற முடிய வேண்டும். சிப்பருக்குச் சொன்ன அதே காரணம்தான். ஸ்ட்ராவின் அடியில் சிறு எடை கட்டிய வகை ஒன்று உண்டு. கப்பைச் சாய்த்தாலும் ஸ்ட்ரா பால் இருக்கும் பக்கம் சாய்ந்து விழும். கப்பைத் தலைக்கு மேல் தூக்கும் பழக்கம் உள்ள குழந்தைக்கு இது மெய்யாகவே பயன்படும். ஆனால் அந்த எடைக்குள் பால் தங்கும், கழுவுவது கடினம். நிமிர்ந்து உட்காரும் குழந்தைக்குச் சாதாரண ஸ்ட்ராவே போதும்.

ஸ்ட்ராவின் மெல்லிய தூரிகை கப்போடு வரவில்லை என்றால் தனியாக வாங்குங்கள். அது இல்லாமல் ஸ்ட்ரா கப் வாங்கவே கூடாது என்பேன். தாய்ப்பாலின் கொழுப்பு குழாயின் உட்சுவரில் படிந்து, நம் ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரமே கருப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடித்துவிடும்.

ஆறு மாதத்துக்குக் கீழே: சங்கு

நான்கு, ஐந்து மாதக் குழந்தையை விட்டுச் செல்ல வேண்டிய தாய்க்குப் பாட்டி சொல்லும் சங்குதான் கைகொடுக்கும். பாலாடை என்றும் சொல்லும் இந்த மூக்கு நீண்ட சிறு பாத்திரத்தை இன்றும் பல மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியர் பயன்படுத்துகிறார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கே இதில் பால் தருகிறார்கள் என்பதால் பழமை என்று ஒதுக்க வேண்டியதில்லை. எவர்சில்வர் சங்கு போதும். தாய்மாமன் சீராக வந்த வெள்ளிச் சங்கு இருந்தால் அதன் வேலைப்பாட்டுக் கோடுகளுக்குள் பால் தங்காமல் தேய்த்துக் கழுவிக் கொதிக்க வையுங்கள். வெள்ளி என்பதற்காகக் கிருமி தானாகச் சாகாது.

ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் கண்டிப்பாக விட வேண்டும். மடியில் மல்லாத்திக் கிடத்தி, மூக்கைப் பிடித்து, அழும் வாயில் சங்கைச் சரிப்பது. பால் மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்து அதில் இருக்கிறது. தலையை உயர்த்திப் பிடித்து, வாயோரத்தில் சங்கின் மூக்கை வைத்து, சிறிது சிறிதாக விட்டு, விழுங்கிய பின்பே அடுத்தது தர வேண்டும். பாட்டியிடம் இதைச் சொல்லத் தயங்கும் மருமகள்கள் குழந்தை மருத்துவரின் வாயால் சொல்ல வையுங்கள்.

யார் கொடுக்கப் போகிறார்கள்?

கப்பை ஒப்பிடும் பலரும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. முடிவைத் தீர்மானிப்பதோ இதுதான். பகலில் பாட்டியோ தாத்தாவோ ஒரே குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் டம்ளருக்கு நிகர் ஏதுமில்லை. பாட்டிக்குக் கை நடுக்கம் இருந்தால் இரண்டு கைப்பிடி வைத்த திறந்த கப்பைக் குழந்தையும் சேர்ந்து பிடிக்கட்டும். காப்பகத்தில் ஒரு ஆயா நான்கைந்து குழந்தைகளைப் பார்க்கிறார் என்றால் டம்ளரோடு பொறுமையாக உட்கார அவருக்கு நேரமிருக்காது. அங்கே ஸ்ட்ரா கப்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். நீங்கள் அறையில் இல்லாதபோது, கொடுக்கப் போகிறவரே பழக்க வேண்டும். தாயின் மடியில், தாயின் வாசனையில் உட்கார்ந்துகொண்டு டம்ளரில் குடிக்க எந்தக் குழந்தைக்கும் தோன்றாது.

50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்பதும் அந்த 2017 திருத்தத்தில் வந்ததே. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட இரண்டு இடைவேளைகள் 1961 ஆம் ஆண்டு மூலச் சட்டத்திலிருந்தே உண்டு. உங்கள் அலுவலகத்தில் இது நடைமுறையில் இருக்கிறதா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். மதியம் ஒரு முறை மார்பில் கொடுக்க முடிந்தால் கப்பில் கொடுக்க வேண்டிய பாலின் அளவும் நன்றாகக் குறையும்.

பொருளும் கழுவலும்

கழுவுவதில் எத்தனை பாகம் கழல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். டம்ளருக்கு ஒன்றே ஒன்று. சிப்பருக்கு மூடி, வால்வு, மூக்கு, கைப்பிடி என்று நான்கைந்து. அலுவலகத்திலிருந்து களைத்து வந்த இரவில் இந்த எண்ணிக்கையின் அருமை தெரியும்.

எவர்சில்வர் என் முதல் தேர்வு, அடுத்து சிலிக்கான், அதற்கடுத்து பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். பிபிஏ என்ற வேதிப்பொருள் பற்றிய எச்சரிக்கையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கா 2012 இல் அதைக் குழந்தைகளின் பாட்டிலிலும் சிப்பரிலும் பயன்படுத்தத் தடை விதித்தது. பெயர் தெரியாத பிளாஸ்டிக் கப்பைத் தெருவோரக் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது. பிபிஏ இல்லாத பிளாஸ்டிக்கிலும் சூடானது ஊற்ற வேண்டாம். 2020 இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், பாலிபுரோப்பிலீன் பாட்டிலில் 70 டிகிரி நீரை ஊற்றிக் குலுக்கியபோது லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் வெளிவந்ததைக் கண்டார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சி ஆறவைத்துப் பிறகு கப்பில் ஊற்றினால் இந்தக் கவலை வெகுவாகக் குறையும்.

எதையும் வாங்க மறுத்தால்

அப்படியும் நடக்கும். முதலில் கணக்கைப் பாருங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி என்பது தோராயமான தேவை. எட்டு மணி நேரம் என்றால் 240 முதல் 360 மில்லி. திட உணவு தொடங்கிய குழந்தைக்கு இதில் ஒரு பங்கைக் கரண்டியாலேயே உள்ளே அனுப்பலாம். ஆறிய கேழ்வரகுக் கூழிலும், மசித்த இட்லியிலும், குழைந்த பருப்புச் சாதத்திலும் எடுத்து வைத்த பாலைக் கலந்து ஊட்டினால் அதுவும் பால்தான். பகலில் குறைவாகக் குடித்துவிட்டு மாலையிலும் இரவிலும் மார்பில் ஈடுகட்டிக்கொள்ளும் குழந்தைகளும் நிறைய. அம்மாவுக்குத் தூக்கம் போகும், ஆனால் குழந்தை வளரும்.

எடுத்து வைத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். சென்னையிலும் மதுரையிலும் மே மாதத்து அறை அப்படி இருக்காது, ஆகவே உடனே ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். அங்கே நான்கு நாள் வரை இருக்கலாம். குழந்தை வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் கொட்டிவிட வேண்டும். அதனால் எல்லாப் பாலையும் ஒரே பெரிய டம்ளரில் ஊற்றாமல், சின்ன டம்ளரை முக்கால் பங்கு நிரப்பி, தீர்ந்ததும் மறுபடி ஊற்றிக் கொடுங்கள். அளவு சிறியதாக இருக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரமும் உண்டு. எந்தப் பாத்திரத்தில் கொடுத்தாலும் ஒவ்வொரு முறையும் இருமித் திணறினால், மார்பிலும் குடிப்பது குறைந்தால், எடை ஏறாமல் நின்றால், நாளுக்கு ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் போனால், உச்சிக்குழி உள்வாங்கினால் கப்பை மாற்றிக்கொண்டிருக்காமல் அன்றே கிளம்புங்கள். நாக்கின் அடியில் உள்ள சவ்வு இறுக்கமாக ஒட்டியிருப்பது போன்ற காரணங்களை அவர் வாயைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார்.

மற்றபடி, வேலைக்குத் திரும்பும் நாளுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். நாளுக்கு ஒரு வேளை, பத்து நிமிடம், குழந்தை சிரித்த முகத்தோடு இருக்கும்போது. அழுதால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மறுநாள் பாருங்கள். சிறிது பசிக்கட்டும், வழிக்கு வந்துவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பசித்து அழும் குழந்தை புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது.